தந்திக் கம்பியிலிருந்து அலுமினியப் பவுடர் வரை

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு அலுமினியப் பவுடரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கலவை அறையில் நின்றவர் எத்தனை தடவை கை கழுவினாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளி நிறம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பவுடர், வெடியுப்பு, கந்தகம் என்று சேர்த்துக் கலந்ததற்கு இங்கே ‘மருந்து’ என்று பெயர். மருந்தில் ஈரம் படக் கூடாது, மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்று விதிப் புத்தகம் சொல்கிறது. விதிப் புத்தகத்தைப் பார்த்தே இராதவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு.

அந்தப் பயத்துக்குள் நல்ல வேதியியல் இருக்கிறது. அலுமினியம் காற்றைத் தொட்ட உடனேயே தன்மேல் ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய படலம்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுகிறது. பிஎச் அளவு ஏறக்குறைய 4-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்கிறவரை படலம் தாங்கும். அதைத் தாண்டிக் காரம் ஏறினால் கரையத் தொடங்கும்.

ஈரமான மருந்தில் நடப்பது இதுதான். படலத்தில் எங்கோ ஒரு பலவீனமான இடத்தில் அலுமினியம் தண்ணீரோடும் வெடியுப்பில் உள்ள நைட்ரேட்டோடும் வினைபுரிகிறது. நைட்ரேட் ஒடுங்கி அம்மோனியா ஆகிறது. அம்மோனியா காரம். காரம் பக்கத்திலிருக்கும் படலத்தையும் கரைக்கிறது. புது உலோகம் வெளியே தெரிகிறது. இன்னும் அம்மோனியா வருகிறது. ஒவ்வொரு படியிலும் வெப்பம் சேர்கிறது. குவியலாகவோ மூடிய டப்பாவிலோ இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. வினை தன்னைத் தானே விரட்டிக்கொண்டு ஓடும். இதைத் தடுக்கத்தான் ஈரமாகப் பிசையும் அலுமினியக் கலவைகளில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது உலகமெங்கும் வாணவேதியியலில் வழக்கமாக இருக்கிறது.

ஆக, எல்லாமே அந்தப் படலத்தின் கையில். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சுரண்டிப் பார்த்தால் படலமே போய்விடும். பெரிய மின்னழுத்தம் கொடுத்துச் சோதித்தால் அந்தச் சோதனையே அதை மாற்றிவிடும். சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரல் மடக்கி மெதுவாகத் தட்டிக் கேட்பார்களே, அப்படி ஒரு தட்டல் வேண்டும். இரும்பின் துரு, பேட்டரியின் ஆயுள், எரிபொருள் கலம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி என்று மின்வேதியியலின் எல்லா மூலைகளிலும் இன்று அப்படித் தட்டிக் கேட்கிற முறைக்கு இம்பிடன்ஸ் நிறமாலையியல் என்று பெயர். சுமார் 10 மில்லிவோல்ட் அளவுள்ள ஒரு சின்ன ஏசி மின்னழுத்தத்தை மின்வாய்க்குக் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது, எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது என்று அதிர்வெண் வாரியாகக் குறித்துக்கொள்வதுதான் அது. அதன் அடிக்கருத்து வேதியியலில் பிறக்கவில்லை. கடலுக்கடியில் ஓடிய தந்திக் கம்பியில் பிறந்தது.

ஆலிவர் ஹெவிசைடு 1850-இல் லண்டனில் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் காது பாதி கேட்காமல் போனது. பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. அவருடைய அம்மாவின் சகோதரியை மணந்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். நம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் வீட்ஸ்டன் சமனச் சுற்றுக்குப் பெயர் கொடுத்தவர். டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே போடப்பட்ட கடலடித் தந்திக் கம்பியில் ஹெவிசைடு வேலைக்குச் சேர்ந்தார். 1874-இல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார்.

அந்தக் காலத்துத் தந்திக்காரர்களை வாட்டிய கேள்வி ஒன்றுதான். ஒரு முனையில் ‘டக்’ என்று தெளிவாகப் போன குறி மறுமுனையில் ஏன் இழுபட்டு, மழுங்கி வருகிறது? வெறும் மின்தடை என்றால் குறி பலவீனப்படலாம், மழுங்கக் காரணமில்லை. கம்பி மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கிறது, காந்தப்புலம் மாற்றத்தை எதிர்க்கிறது. வேகமாக மாறும் குறிக்கு ஒரு மாதிரியும் மெதுவாக மாறும் குறிக்கு வேறு மாதிரியும் கம்பி நடந்துகொள்கிறது. இந்த மொத்தத் தடையையும் ஒரே கணிதப் பொருளாகப் பிடித்து, 1886-இல் அதற்கு இம்பிடன்ஸ் என்று பெயரிட்டவர் ஹெவிசைடு. 1893-இல் ஆர்தர் கெனலி அதைக் கலப்பெண்ணாக எழுதலாம் என்று காட்டினார். அதன்பின் அளவு, கட்ட வேறுபாடு இரண்டையும் ஒரே எண்ணில் சுமக்க முடிந்தது.

இதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு தொந்தரவு ஓடிக்கொண்டிருந்தது. உப்புக் கரைசலின் மின்தடையை அளக்க பிரெட்ரிக் கோல்ராஷ் முயன்றார். நேர்திசை மின்னோட்டம் செலுத்தினால் அளவு ஒரு நிமிடம் நிற்பதில்லை. மின்வாயின் பரப்பில் வினை நடந்து, வாயு ஒட்டி, எல்லாம் மாறிக்கொண்டே போகும். அதனால் 1860-களின் கடைசியிலேயே அவர் மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாறினார். மின்னோட்டம் ஒரு பக்கம் போய் வினையைத் தொடங்குவதற்குள் மறுபக்கம் திரும்பிவிடும். பிளாட்டினத் தகட்டின் மேல் கரிய பிளாட்டினப் பொடியைப் படியவைத்துப் பரப்பைப் பெருக்கினார். வீட்ஸ்டன் சுற்று சமன்பட்டதா என்று பார்க்க, 1880 வாக்கில் அப்போதுதான் வந்திருந்த தொலைபேசியின் கேட்கும் பாகத்தைக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். மேசையில் உப்புத் தண்ணீர், காதில் தொலைபேசி. ரீங்காரம் கேட்கிறது. மின்தடையைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார், ரீங்காரம் தணிகிறது, எங்கே மிகக் குறைவாகக் கேட்கிறதோ அதுதான் விடை. ஆனால் ஓசை முழுதாக அடங்காது. மின்வாய்க்கும் கரைசலுக்கும் நடுவே ஒரு மின்தேக்கி ஒளிந்திருப்பதால், மின்தடையை மட்டும் சரிசெய்தால் போதாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மின்தேக்கியைச் சேர்த்தால்தான் அந்த மிச்ச ஓசை போகும். கரைசலை அளக்க வந்தவர்களுக்கு அது ஒழிக்க வேண்டிய இடைஞ்சல். ஒரு தலைமுறையே அதை ஒழிப்பதில் திறமை காட்டியது.

அந்த மிச்சத்தையே ஆராயலாம் என்று உட்கார்ந்தவர் எமில் வார்பர்க். இந்த முறை உண்மையில் பிறந்த இடம் இதுதான் என்பது என் எண்ணம். 1899-இல் பெர்லினிலிருந்து அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு எளிய கேள்வியைக் கேட்டது. ஏசி மின்னோட்டம் மின்வாயில் அயனிகளை உண்டாக்கியும் தின்றும் மாறி மாறிப் போகும்போது, அந்த அயனிச் செறிவின் ஏற்ற இறக்கம் கரைசலுக்குள் எவ்வளவு தூரம் போகும்? விரவல் சமன்பாட்டைப் போட்டுத் தீர்த்தார். செறிவு அலை உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும். அதிர்வெண் கூடினால் அலை ஆழமாகப் போகாது. மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடச் சரியாக 45 பாகை முந்தி நிற்கும். தடையின் அளவு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். இன்றும் உலகில் எந்தப் பேட்டரி ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் திரையில் 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு தெரிந்தால் ‘வார்பர்க் வந்துவிட்டது’ என்பார்கள்.

அந்த ஆண்டு வார்பர்க்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் எல்சா நாய்மன். பிரஷ்ய நாட்டில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்சா ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கி வகுப்பில் உட்கார்ந்தார். 1899-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். அவருடைய ஆய்வேடு மீள்தன்மையுள்ள மின்வாய்களின் முனைவாக்க மின்தேக்குத்திறன் பற்றியது. அதாவது கோல்ராஷ் காலத்து ஆட்கள் ஒழிக்கப் பார்த்த அதே மிச்சத்தைப் பற்றியது. பட்டம் வாங்கியதோடு நிற்காமல், படிக்க வரும் பெண்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு சங்கமும் ஆரம்பித்தார். 1902 ஜூலையில், ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் சயனைடு நச்சு தாக்கி இறந்துபோனார். வயது 29. வேதிப்பொருளோடு பெண்கள் நாள் முழுக்க வேலை செய்யும் ஒரு மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்தத் துறை மெதுவாகத்தான் நகர்ந்தது. 1940-இல் சோவியத் நாட்டில் டோலினும் எர்ஷ்லரும் மின்வாய் ஒன்றை மின்சுற்றாகவே எழுதிப் பார்த்தார்கள். 1947-இல் இங்கிலாந்தின் ஜான் ராண்டில்ஸ் வெளியிட்ட கட்டுரையில் இன்று எல்லாரும் வரையும் அந்தச் சுற்று தெளிவாக நின்றது. கரைசலின் மின்தடை ஒன்று. அதை அடுத்து இரண்டு பாதைகள். ஒரு பாதையில், உலோகத்துக்கும் அதன் எதிரே அணிவகுத்து நிற்கும் அயனிகளுக்கும் நடுவே உண்டாகும் இரட்டை அடுக்கு என்னும் மின்தேக்கி. மறுபாதையில், எலக்ட்ரான் உலோகத்திலிருந்து அயனிக்குத் தாவ ஆகும் தடையும், அதை ஒட்டி வார்பர்க்கின் விரவல் தடையும்.

இந்தச் சுற்றின் அழகு, அதிர்வெண்ணை மாற்றினால் ஒவ்வொரு உறுப்பும் தன் முறைக்குப் பேசும் என்பதில் இருக்கிறது. மிக வேகமான அலைக்கு மின்தேக்கி திறந்த வாசல். கரைசலின் தடை மட்டும் தெரியும். வேகம் குறைந்தால் எலக்ட்ரான் தாவும் தடை தெரியவரும். இன்னும் குறைத்தால், அயனிகள் தொலைவிலிருந்து வந்து சேரும் தாமதம். மூன்று வேறு நிகழ்வுகளை, எதையும் கலைக்காமல், ஒரே சோதனையில் பிரித்துக் காட்டிவிடலாம். 1960-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்லைட்டர்ஸ் இவற்றைக் கலப்பெண் தளத்தில் வரைந்து காட்டினார். எலக்ட்ரான் தாவும் தடை ஒரு அரைவட்டமாகவும், விரவல் அதன் வாலில் 45 பாகைக் கோடாகவும் வந்து நின்றன.

நம் பக்கம் இந்தக் கதை வந்து சேர்ந்த விதம் இன்னும் சுவாரசியமானது. 1950, 51-இல் கே.எஸ்.ஜி. டாஸும் எச்.பி. அகர்வாலும் ஒரு விந்தையைக் கண்டார்கள். மின்வாய் வழியே ஏசி மட்டும் செலுத்தினால், மேலும் கீழும் சமமாக ஆடி, சராசரி பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. மின்வாயின் சராசரி மின்னழுத்தமே கொஞ்சம் நகர்ந்தது. காரணம், ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒரே அளவு தூண்டுதலுக்கு ஒரே அளவில் இணங்குவதில்லை. ஆட்டத்தின் அளவை இரட்டிப்பாக்கினால் நகர்வு நான்கு மடங்காகும். அந்த நகர்விலிருந்து வினையின் வேகத்தையே கணக்கிடலாம். இதை ரெடாக்ஸோகைனெடிக் விளைவு என்று அழைத்து இந்திய இதழ்களில் வெளியிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மேலைநாடுகளில் அதே விளைவு பாரடே அலைதிருத்தம் என்ற பெயரில் பரவியது. 10 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அதைத் தாண்டினால் மின்வாய் நேர்கோட்டுப் பழக்கத்தை விட்டுவிடும். இம்பிடன்ஸ்காரர்கள் தவிர்த்த அந்த வளைவுக்குள் டாஸ் துணிந்து இறங்கினார். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் முழுதாகக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

டாஸ் பின்னர் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ஆனார். அந்த நிலையத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். சிவகாசியும் காரைக்குடியும் அப்போது ஒரே மாவட்டம். 1985-இல் பழைய ராமநாதபுரத்தைப் பிரித்து விருதுநகர், சிவகங்கை மாவட்டங்கள் உண்டாகும்வரை அப்படித்தான். பட்டாசும் மின்வேதியியலும் ஒரே கலெக்டரின் எல்லைக்குள் வளர்ந்தன.

காரைக்குடிக்காரர்கள் அரிமானத்தைத் தேடி மண்டபம் கடற்கரை வரை போனார்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் வேகம் அங்கே அப்படி. அங்கே ஒரு சோதனைக் களம் அமைத்து, கம்பிகளையும் பூச்சுகளையும் வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பார்த்தார்கள். கோட்பாட்டுப் பக்கத்தில், இந்திய மின்வேதியியலாளர் எஸ்.கே. ரங்கராஜன் 1974-இலிருந்து எழுதிய கட்டுரைத் தொடர், இம்பிடன்ஸ் உட்பட நேர்கோட்டு மின்வேதி முறைகள் அனைத்தையும் ஒரே கணிதக் கூரையின் கீழ் கொண்டுவந்தது.

அதே எழுபதுகளில்தான் கையால் சமன்செய்யும் வேலையும் ஒழிந்தது. அதுவரை ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒருவர் உட்கார்ந்து குமிழ்களைத் திருக வேண்டும். மிக மெதுவான அலைகளை அளக்கவே முடியாது. கட்டுப்பாட்டுப் பொறியியலுக்காகச் செய்யப்பட்ட அதிர்வெண் பகுப்பாய்விக் கருவிகளை மின்வேதியியலாளர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். தந்திக்காரரிடம் வாங்கிய கருத்துக்கு இப்போது பொறியாளரிடம் வாங்கிய கருவி. பாரிஸில் இசரேல் எப்பெல்பாயின் குழு, ஓர் உலோகம் இந்த நொடியில் என்ன வேகத்தில் அரிக்கப்படுகிறது என்பதை இம்பிடன்ஸ் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று 1972-இல் எழுதியது. மாதக்கணக்கில் எடை போட்டுப் பார்த்த அரிமானத்தைச் சில மணி நேரத்தில் அளக்க வழி பிறந்தது.

இனி அலுமினியத்தை மேசைக்குக் கொண்டுவருவோம். பவுடரை நேரடியாகக் கம்பியில் கட்டி மின்வாய் ஆக்குவது கடினம். அதனால் ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டை எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடிக் கலத்தில் வெடியுப்புக் கரைசல்; தகட்டுக்கு எதிரே பிளாட்டினம்; நடுவில் ஒப்பீட்டு மின்வாய். கருவி 1 லட்சம் ஹெர்ட்ஸில் தொடங்கும். முதல் புள்ளிகள் கண் சிமிட்டுவதற்குள் திரையில் விழும். போகப் போக வேகம் குறையும். 0.01 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடியவே 100 நொடி. ஒரு புள்ளிக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். படலம் நலமாக இருந்தால் வளைவு ஏறிக்கொண்டே போகும், அரைவட்டம் எளிதில் மூடாது. அந்த விட்டம் பெரிதாக இருக்கிறவரை அரிமானம் மெதுவாக நடக்கிறது என்று பொருள்.

அந்தக் கரைசலில் கொஞ்சம் அம்மோனியா விட்டால் காட்சி மாறும். அரைவட்டம் சுருங்கும். படலம் மெலிவதால் மின்தேக்குத்திறன் கூடும். ஏனென்றால் மின்தேக்கியின் தடிப்பு குறையக் குறைய அது அதிக மின்னூட்டம் பிடிக்கும். தகட்டைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குமிழி கிளம்புவதற்கு முன்பே வளைவு சொல்லிவிடும். போரிக் அமிலத்தை முதலிலேயே சேர்த்திருந்தால் அதே அளவு அம்மோனியாவுக்கு வளைவு அவ்வளவு சீக்கிரம் ஒடுங்காது. பிஎச் சட்டென்று ஏறாமல் பிடித்து நிறுத்தும் குணம் அந்த அமிலத்துக்கு உண்டு. கரைசலில் குளோரைடு கலந்திருந்தால் கதை வேறு. அது படலத்தை முழுக்கக் கரைக்காது; ஊசி குத்தியதுபோல ஆங்காங்கே ஓட்டை போடும். அதன் அடையாளமும் வளைவின் மெதுவான அதிர்வெண் பக்கத்தில் தனியாகத் தெரியும்.

பட்டாசுக்குள் அலுமினியத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது அரசு மட்டத்திலேயே வந்துவிட்டது. 2018-இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பசுமைப் பட்டாசு வகைகளை அறிவித்தபோது, அவற்றில் ஒன்றான சஃபல் வகையின் அடிப்படையே குறைந்த அலுமினியம்தான். அந்த முயற்சியில் காரைக்குடி நிலையமும் பங்கெடுத்தது. அது புகையையும் சத்தத்தையும் குறைப்பதற்காக எடுத்த முயற்சி. ஈரத்தில் அலுமினியம் என்ன செய்கிறது என்ற கேள்வி இன்னும் தனியாகத்தான் நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு இந்த வட்டாரத்திலேயே தொடங்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. கம்பி மத்தாப்பு மருந்தைப் பசையாகக் கரைப்பதும், பேன்சி ரகங்களுக்கு மணி மருந்து பிசைவதும் தண்ணீரில்தான். நம் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது குடம் தூக்கும் எல்லோருக்கும் தெரியும். படலத்தில் ஓட்டை போடுவது அந்த உப்பில் உள்ள குளோரைடுதான். ஆலையின் போர்த் தண்ணீர், தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்றையும் மூன்று கலங்களில் ஊற்றி, ஒரே வெடியுப்பு, ஒரே அலுமினியத் தகடு, போரிக் அமிலம் போட்டும் போடாமலும் என்று ஆறு வகைக்கும் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வளைவு எடுத்தால் போதும். எந்தத் தண்ணீரில் படலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கலவை அறைச் சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு அட்டவணை கிடைத்துவிடும். கருவி காரைக்குடியில் இருக்கிறது. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் சிவகாசியிலும் சாத்தூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் யாராவது ஒருவர் தகட்டையும் தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.